அண்ணன் அளந்த உயிரணு, தம்பி அளந்த பனிக்கட்டி

1941-இல் ‘ஜர்னல் ஆஃப் கெமிக்கல் பிசிக்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரையை எழுதியவர்கள் இருவர்: கென்னத் கோல், ராபர்ட் கோல். அண்ணன் தம்பி. உயிரணுக்களுக்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்ப்பது அண்ணனின் வேலை. 14 வயது இளையவரான தம்பி வேதியியலார். அவருக்குத் திரவங்களும் திண்மங்களும்தான் உலகம். அந்தக் கட்டுரையில் இருவரும் வரைந்து காட்டிய வில் வடிவ வளைவை ‘கோல்–கோல் வரைபடம்’ என்றே ஆய்வகங்கள் இன்றும் சொல்கின்றன. ரத்தத்துக்கும் பனிக்கட்டிக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதற்கு இந்தக் குடும்பத்தைவிட நல்ல சான்று இல்லை.

கேள்வி எளிது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நீரை ஊற்றி மின்னழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? நீர் மூலக்கூறுக்கு ஒரு புறம் நேர்மின் சாய்வு, மறுபுறம் எதிர்மின் சாய்வு. ஆகவே அது மின்புலத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கும். திசையை மாற்றினால் மறுபடி திரும்பும். இப்படி விநாடிக்கு ஆயிரம் முறை, கோடி முறை என்று மாற்றும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மூலக்கூறுகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகும். அந்தத் தாமதத்துக்குத் தளர்வு நேரம் என்று பெயர். எந்த அதிர்வெண்ணில் பின்தங்கத் தொடங்குகிறதோ, அங்கேதான் பொருள் மின்னாற்றலை அதிகமாக விழுங்கி வெப்பமாக்குகிறது.

ஹெர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டிய பத்தாண்டுக்குள், ஜெர்மானியரான பால் ட்ரூட சில திரவங்கள் அந்த அலைகளை வழக்கத்துக்கு மாறாக உறிஞ்சுவதைக் கவனித்துவிட்டார். காரணம் சொல்ல ஆள் இல்லை. சொன்னவர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பிறந்த பீட்டர் டிபை. சில மூலக்கூறுகள் பிறவியிலேயே இருமுனை கொண்டவை என்று 1912-இல், தம் 28-ஆம் வயதில், சூரிச்சில் இருந்தபடி எழுதினார். அடுத்த ஆண்டே தளர்வு நேரத்துக்கும் ஒரு கணக்கு தந்தார். மூலக்கூறைப் பிசுபிசுப்பான திரவத்தில் சுழலும் சிறு உருண்டையாக எடுத்துக்கொண்ட கணக்கு அது. அணு உண்டா என்ற ஐயமே ஓய்ந்து அதிக நாள் ஆகாத காலத்தில், அந்த எளிய உருண்டை நீரின் தளர்வு நேரத்தைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது பெரிய சாதனை. 1936-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உயிரியலில் இதே வித்தை வேறு வழியாக நுழைந்தது. 1910-இல் ருடால்ஃப் ஹோபர் என்ற ஜெர்மானிய உடலியலார் ரத்தச் சிவப்பணுக்களில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினார். குறைந்த அதிர்வெண்ணில் அவை மின்சாரத்தை ஏறக்குறைய மறித்தன. அதிர்வெண் மிக உயர்ந்ததும், உள்ளே உப்புநீர் இருப்பதுபோல் கடத்தின. மின்சாரத்துக்கு இடம்கொடாத ஒரு மெல்லிய உறை உயிரணுவைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1925-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹ்யூகோ ஃபிரிக்க அந்த உறையின் மின்தேக்குத் திறனை அளந்தார்: சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட். அதிலிருந்து தடிமனைக் கணக்கிட்டபோது வந்தது 3.3 நானோமீட்டர். அந்த உறையை, அதாவது செல் சவ்வை, எலெக்ட்ரான் நுண்ணோக்கி தெளிவாகக் காட்டியது 1950-களில்தான். கண்ணுக்கு எட்டாத ஒன்றின் கனத்தை, அது மூலக்கூறு அளவுதான் என்று, கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மின்சுற்று சொல்லிவிட்டது.

அந்த ஃபிரிக்கவின் ஆய்வகத்தில் மாணவப் பருவத்தில் வேலை பார்த்தவர்தான் கென்னத் கோல். பிறகு லைப்சிக் போய் டிபையிடமும் பயின்றார். ரத்தத்தை அளந்தவரிடமும் நீரை விளக்கியவரிடமும் பாடம் கேட்டவர் என்பதால், இரண்டு துறைக்கும் இடையே இருந்த சுவர் அவருக்குத் தெரியவே இல்லை. 1939-இல் உட்ஸ் ஹோல் கடலோர ஆய்வகத்தில் ஹோவர்ட் கர்ட்டிஸுடன் சேர்ந்து கணவாயின் தடித்த நரம்பிழையை அளந்தார். நரம்புத் துடிப்பு கடக்கும் கணத்தில் சவ்வின் மின்கடத்தல் ஏறத்தாழ 40 மடங்கு உயர்ந்தது. மின்தேக்குத் திறனோ அநேகமாக மாறவே இல்லை. சவ்வு அப்படியே நிற்க, அதிலுள்ள அயனி வழிகள் மட்டும் திறக்கின்றன என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது. நரம்பியலின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இந்த அளவீட்டின் தோளில்தான் நிற்கிறது.

டிபையின் கணக்குப்படி, முதலில் சொன்ன கோல்–கோல் வரைபடம் கச்சிதமான அரைவட்டமாக வர வேண்டும். பல பொருள்களில் அது அமுங்கிய வில்லாகவே வந்தது. எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை, தளர்வு நேரங்கள் பரவிக் கிடக்கின்றன என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கோல் சகோதரர்கள் தந்தது அந்தப் பரவலை ஒரே எண்ணில் அடக்கும் சமன்பாடு.

பனிக்கட்டிதான் இந்த வரலாற்றில் மிகவும் திகைக்க வைத்த பொருள். 25 பாகை செல்சியஸில் நீரின் தளர்வு நேரம் சுமார் 8.3 பிக்கோ விநாடி. உறைநிலையில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதே உறைநிலையில் நீர் பனிக்கட்டியானதும் தளர்வு நேரம் சுமார் 20 மைக்ரோ விநாடிக்குத் தாவுகிறது. பத்து லட்சம் மடங்கு மந்தம்! ஆனால் பொறுத்திருந்து மெதுவாக அளந்தால், மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்று காட்டும் மின்காப்பு மாறிலி, பனிக்கட்டியில் 90-ஐத் தாண்டுகிறது. அது நீரின் மதிப்பைவிட அதிகம். ஆக, இறுகிப்போன திண்மத்துக்குள்ளும் மூலக்கூறுகள் திரும்பத்தான் செய்கின்றன. எப்படி?

1933-இல் பெர்னலும் ஃபௌலரும் வகுத்த விதிப்படி, பனிக்கட்டியில் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருக்கலாம். அந்த விதியை மீறாமல் ஒரு மூலக்கூறு தனியாகத் திரும்ப வழியே இல்லை. டென்மார்க்கின் நீல்ஸ் பியெரும் 1951-இல் முடிச்சை அவிழ்த்தார். சில பிணைப்புகளில் ஹைட்ரஜன் இராது, சிலவற்றில் இரண்டு இருக்கும். இத்தகைய பிழைகள் பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஒன்றுகூடத் தேறாது. இருந்தும் ஒரு பிழை நகர நகர, அது கடந்த வழியிலுள்ள மூலக்கூறுகள் திரும்பிவிடுகின்றன. பதினைந்து கட்டைச் சதுர விளையாட்டில் ஒரு காலியிடம் எல்லாக் கட்டைகளையும் நகரவைப்பது போல. பனிக்கட்டியில் சிறிது ஹைட்ரஜன் ஃபுளூரைடைக் கலந்து பிழைகளைக் கூட்டினால் தளர்வு விரைவதை 1950-களில் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

1952-இல் ஆட்டியும் ராபர்ட் கோலும் சாதாரண நீர், கனநீர் இரண்டின் பனிக்கட்டிகளையும் கவனமாக அளந்து வெளியிட்டார்கள். பனிக்கட்டி குளிரும்போது சுருங்கித் தகட்டை விட்டு விலகும். நூலிழை இடைவெளி போதும், எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். அந்தப் பாடுகளைத் தாண்டிக் கிடைத்த அவர்களுடைய வளைவு, டிபை சொன்ன அரைவட்டத்தை அப்படியே ஒத்திருந்தது.

நீரின் வளைவு முழுமையானதும் அதே காலத்தில்தான். அதன் தளர்வு அதிர்வெண் 20 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இருப்பதால், சென்டிமீட்டர் அலைக் கருவிகள் தேவைப்பட்டன. போர்க்கால ரேடார் அவற்றைக் கொடுத்தது. 1948-இல் கோலி, ஹேஸ்டட், ரிட்சன் மூவரும் தந்த அளவுகள் நெடுங்காலம் பயன்பட்டன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் நீரின் ஒத்ததிர்வு அதிர்வெண் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல, நீரின் உறிஞ்சல் உச்சம் அதற்கு வெகு மேலே உள்ளது. உறைந்த இறைச்சி அந்த அடுப்பில் ஓரிடத்தில் வெந்தும் மற்றோரிடத்தில் கட்டியாகவும் கிடப்பதும் இந்தத் தளர்வினால்தான்: பனிக்கட்டியால் அந்த வேகத்துக்குத் திரும்ப முடியாது, முதலில் உருகிய இடமே மேலும் மேலும் சூடாகிறது.

அந்த மந்தம் துருவ ஆய்வாளர்களுக்கு வரமாக அமைந்தது. பனிப்பரப்பின் மேல் பறந்த விமானங்களின் ரேடார் உயரமானிகள் தவறான உயரத்தைக் காட்டின. அலைகள் பனியை ஊடுருவி அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பியதே காரணம். கிலோஹெர்ட்ஸில் பின்தங்கிவிடும் பனிக்கட்டி, மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதாக உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது. கேம்பிரிட்ஜின் ஸ்டான்லி எவன்ஸ் 1960-களில் இதையே பனியின் ஆழம் அளக்கும் கருவியாக்கினார். அந்த முறையில் எடுத்த பதிவுகளைக் கொண்டு, அண்டார்க்டிகாவின் பனிக்கு அடியில் ஏரிகள் இருப்பதாக 1973-இல் ஆஸ்வால்டும் ராபினும் அறிவித்தார்கள்.

உயிர்த்திசுக்களின் பக்கம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்வான் 1957-இல் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று தளர்வுப் பட்டைகளை வகுத்தார். பீட்டா செல் சவ்விலிருந்து வருவது. காமா திசுவிலுள்ள நீரிலிருந்து. 1996-இல் கமீலியா கேப்ரியலும் குழுவினரும் 10 ஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை திசுக்களை அளந்து தொகுத்த பட்டியல், கைப்பேசி அலையைத் தலை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற கணக்குகளுக்கு அடிப்படை ஆனது. தொகுத்த வடிவம் கோல் சகோதரர்களின் சமன்பாடு.

டிபையின் உருண்டைக்கு மட்டும் இடம் சுருங்கிவிட்டது. நீர் மூலக்கூறு சிறிது சிறிதாக உருண்டு திரும்புவதில்லை, ஹைட்ரஜன் பிணைப்பின் துணையை மாற்றும்போது ஒரே தாவலில் பெரிய கோணம் திரும்புகிறது என்று 2006-இல் லாஜும் ஹைன்ஸும் கணினிக் கணக்கீட்டால் காட்டினார்கள். தனி மூலக்கூறு திரும்பும் நேரம் தகடுகளில் அளக்கும் 8.3 பிக்கோ விநாடியைவிடக் குறைவு. தகடு அளப்பது கூட்டத்தின் அசைவை. ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்படிப் பெறுவது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது.