புறம்போக்கு: இறை நீக்கிய நிலம்

ஊருக்குப் புறத்தே, மக்கள் வெளிக்குப் போகும் இடமே புறம்போக்கு என்று அண்மையில் ஒருவர் மேடையில் பொருள் சொன்னார். அவையும் கைதட்டியது. ஒரு நல்ல சொல்லை வசையாக்கியது போதாதென்று அதன் பிறப்பையும் இழிவுபடுத்துகிறார்கள். மறுக்காமல் இருக்க முடியவில்லை.

போக்கு என்பதைப் போதல் என்று கொண்டதுதான் பிழை. நீங்கு–நீக்கு, ஆகு–ஆக்கு என்பன போலப் போகு–போக்கு. போக்குதல் பிறவினை, கழித்து ஒதுக்குதல் என்று பொருள்படும். போக்குவரத்தில் தன்வினைப் பொருள்தானே வருகிறது என்பார்கள். வரட்டும். ஆள் போவான், வண்டி போகும். நிலம் எங்கே போகும்? கணக்கெழுதுபவன்தான் அதைக் கணக்குக்குப் புறத்தே போக்குகிறான். தொல்காப்பியச் செய்யுளியல் கலிப்பாவின் இறுதியுறுப்பான போக்கை வைப்பு என்றும் குறிப்பதை நினைத்துப் பாருங்கள். போக்குதலும் வைத்தலும் அன்றே நெருங்கி நின்றவை.

இனிக் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் ஊர்களின் நில அளவைப் பொறிக்கும்போது ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அடுக்கி, இவற்றை இறையிலியாக, அதாவது வரியில்லாதவையாக, ‘நீக்கி’ மிச்சத்துக்கே இறை கட்டுகிறான். அங்கே நீக்கு, இங்கே போக்கு. வினை வேறு, செயல் ஒன்றே. அந்த வரிசையில் பறைச்சேரியும் நிற்பதைக் கடந்து போகக் கூடாது. இறையிலிருந்து நீக்கியது சலுகை. ஊரிலிருந்து ஒதுக்கியது கொடுமை. இரண்டும் ஒரே பட்டியலில் கிடக்கின்றன. இன்று ஒரு மனிதனைப் பார்த்துப் ‘புறம்போக்கு’ என்று ஏசும் வாயில் அந்தப் பழைய ஒதுக்கல்தான் பேசுகிறது.

வெள்ளைக்காரன் படைத்த சொல் என்பாருக்கு விடை சுருக்கமானது. அவன் வாயில் அது ‘பொரம்போக்’ என்று சிதைந்ததே, அவன் அதை இங்கே கேட்டு வாங்கினான் என்பதற்குச் சான்று.

அவன் செய்தது வேறு. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிறர் உரிமை நிறுவப்பட்டவை நீங்கலாக, சாலை, ஆற்றுப்படுகை, ஏரி, வாய்க்கால், கடற்கரை அனைத்தும் அரசின் சொத்து என்றது. மேய்ச்சல் புறம்போக்கில் மாடு மேய்ந்தது, களத்தில் நெல் காய்ந்தது. ஆனால் உடையவர் என்ற இடத்தில் ஊரின் பெயர் இல்லை. வரி வேண்டாம் என்று விட்ட நிலத்துக்கே உரிமை கொண்டாடியது அரசு.

தரிசு என்னும் சொல்லையும் இதனோடு குழப்புகிறார்கள். தரிசு உழாமல் கிடப்பது, நாளை உழலாம். புறம்போக்கு உழக் கூடாதென்று ஊர் வைத்துக்கொண்டது. இரண்டையும் பயனற்ற நிலமென்று ஒன்றாக்கியதால்தான் பள்ளிக்கரணைக் கழுவெளியில் பெருங்குடிக் குப்பை மலையாகக் குவிந்தது. வெள்ள நீரை வாங்கித் தாங்கும் அந்தச் சதுப்பு 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது.

எஸ்.பி. ஜனநாதன் 2015இல் தம் படத்துக்குப் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’ என்று பெயரிட்டார். அகராதிக்காரர்களைவிட அவர் பொருளைச் சரியாகப் பிடித்தார் என்பேன். புறம்போக்கு யாருக்கும் ஆகாத நிலமன்று, எல்லோருக்கும் ஆன நிலம். வேறு பொருள் சொல்வோர் முதலில் அந்த ‘நீக்கி’க்கு விடை சொல்லட்டும்.