பழுதுள்ள பிரதி: ஆனந்தரங்கரின் நாட்குறிப்பை முன்வைத்து

2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் இரைச்சல் நின்றுபோனது. எங்களுக்கு அது பழக்கமில்லாத மௌனம். மயிலம் சாலையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொண்டதன் மிச்சம்தான் இந்த எல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது உடம்புக்கு உறைத்தது அந்த வாரத்தில்தான். வானூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நாட்களில் எதைப் படிப்பது? போனில் நண்பர்கள் சொன்னவையெல்லாம் ஆறுதல் தருகிற புத்தகங்கள். இரண்டு பேர் காம்யுவின் கொள்ளைநோய் நாவலைச் சொன்னார்கள். நான் எடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பை. முற்றுகை, பஞ்சம், ஓட்டம், வதந்தி என்று பக்கத்துக்குப் பக்கம் நம்மூர்க் கலவரம். கம்பெனியில் வேலைபோய் வீட்டிலிருந்த தெருக்காரத் தோழர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நம்ம சனத்தப் பத்தி அந்தாளு எந்தத் தோரணையில எழுதியிருக்கான்னு தெரிஞ்சுதான் படிக்கிறியா? துரைக்கு முன்னாடி கைகட்டி நின்னவன் கணக்குப் புஸ்தகம் அது. சோறு கெடைக்காத நேரத்துல இதப் போயி...”

பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை 1709இல் சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே புதுச்சேரிக்கு வந்தவர். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி எழுதத் தொடங்கியவர், கிட்டத்தட்டச் சாகும்வரை எழுதினார். முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சானது 1879இல். அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகள் முன்பே ஒரு வியாபாரி, கவிராயர்களின் அனுமதியை எதிர்பார்க்காமல், வாயில் வந்த தமிழை அப்படியே தாளில் இறக்குகிறார். பாரசீகம், போர்த்துகீசு, பிரெஞ்சு, தெலுங்கு எல்லாம் அதற்குள் தாராளமாகப் புழங்குகின்றன. இலக்கணப் புலவர் கண்ணுக்கு இது பிழைகளின் மூட்டை. எனக்கு இந்தப் பிரதியின் மேல் முதலில் வந்த மோகமே இந்தப் பிழைகளால்தான்.

தமிழில் எழுதப்பட்ட இதைத் தமிழர்கள் அச்சில் பார்த்த வரிசையும் விசித்திரமானது. ஜூலியன் வென்சோன் 1894இல் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் போட்டது. புதுச்சேரியில் தமிழ்த் தொகுதிகள் வரத் தொடங்கியது 1948இல்தான். மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019இல் வந்தன. ஊரடங்கில் நான் வைத்திருந்தது அதுதான்.

சரி, தோழரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். அது சரியான குற்றச்சாட்டு. பிள்ளை தன்னைப் புகழ்கிறவர்களின் பேச்சைச் சலிக்காமல் பதிவுசெய்கிறார். ஜாதகம், சகுனம், துரையின் முகம் மலர்ந்ததா சுண்டியதா என்பதெல்லாம் அவருக்கு மகா விஷயங்கள். அவருடைய உலகத்தில் சாதி காற்றுமாதிரி. அதைப் பற்றி அவர் வாதாடுவதுகூட இல்லை. 1743இல் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரத்தை எழுதுகிறார். ஆனால் அந்த வியாபாரத்தால் கொழுத்த கும்பினியின் நிழலில்தான் அவர் பிழைப்பும் நடந்தது. பெப்பிசோடு அவரை ஒப்பிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. வேலைக்காரப் பெண்களிடம் தான் நடந்துகொண்ட விதத்தைச் சுருக்கெழுத்தில் எழுதிவைத்த அந்த லண்டன்காரரும் யோக்கியரல்ல என்ற அளவில் ஒப்பீடு பொருந்தும்.

இந்தப் பிரதியில் இரண்டு இடிப்புகள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தவர்கள் குறைவு.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 1748 செப்டம்பரில், பாஸ்கவனின் ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, சம்பாக் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாஷ் பிள்ளைதான். தடுக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களில் ஆற்றாமை அப்பட்டமாகத் தெரிகிறது. இதற்கு நம் சரித்திர நூல்களில் நிறைய இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று மூன்று வருஷம் முந்தியது, 1745 அக்டோபர். அதே சம்பாக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் வெள்ளையர், சட்டைக்காரர், சாதிக் கிறிஸ்தவர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தூண்டிவிட, புதுச்சேரியின் பல பறைச்சேரிகளிலிருந்தும் ஆட்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். நியாயம் என்று அவரும் சுவரை இடிக்கச் செய்தார். அப்புறம் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தது, பாதிரியாரோடு மல்லுக்கு நின்றது, விஷயம் துய்ப்ளேக்ஸ் காதுவரை போனது எல்லாம் பிள்ளையின் எழுத்தில் இருக்கிறது. இங்கே ஆற்றாமை இல்லை. தன் மதத்தில் நடக்காத ஒரு விசேஷம் என்ற குறுகுறுப்புதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சேரிக்காரர்கள் 1745இலேயே கூட்டமாகப் போய்க் கேள்வி கேட்டார்கள் என்பது இத்தனை விவரத்தோடு நமக்கு எப்படித் தெரிகிறது? அவர்கள் பக்கம் இல்லாத ஒருவர், அக்கப்போரில் ருசியுள்ள ஒருவர், எழுதிவைத்ததால். அனுதாபத்தோடு எழுதியிருந்தால் அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக ஆக்கியிருப்பாரோ என்னவோ. அலட்சியமாக எழுதியதால் அவர்களுடைய வாதம் கிட்டத்தட்ட முழுசாகவே வந்து விழுந்திருக்கிறது. பிள்ளையைக் கழுவித் துடைத்து நல்லவராக்கிப் படித்தால் இந்தப் பக்கத்தின் சூடு போய்விடும். தூக்கி எறிந்தால் பக்கமே போய்விடும். பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டையும் இந்தக் குறிப்பிலிருந்துதான் எடுத்தார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. எனக்குப் பிடித்த நாவல்கள். ஆனால் அவற்றில் பிள்ளை கொஞ்சம் நல்லவராகிவிடுகிறார். அந்த ஈரம் பிரபஞ்சனுடையது, பிள்ளையுடையதல்ல.

ஊரடங்கில் என்னைத் தூங்கவிடாமல் செய்த சம்பவத்தை நமக்கு விவரமாகச் சொல்கிறவர் ஆங்கிலேயரான ராபர்ட் ஓர்ம். 1760 நவம்பர், கூட் படையின் முற்றுகை. கையிருப்புத் தானியத்தைக் காப்பாற்ற, லாலி ஊருக்குள்ளிருந்த சுதேசிகள் சுமார் 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினான். ஆங்கிலேயர் அந்தப் பக்கம் போகவிடவில்லை. பிரெஞ்சுக்காரர் இந்தப் பக்கம் திரும்ப விடவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பல நாள் இரண்டு படைகளுக்கும் நடுவில் புல்லையும் வேரையும் தின்று கிடந்தார்கள். கடைசியில் கூட் வழிவிட்டான். அப்போது பிள்ளை நோயில் இருந்தார். 1761 ஜனவரி 12இல் செத்துப்போனார். நான்கு நாள் கழித்து ஊரும் விழுந்தது. அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளைகள் சொத்துக்குத்தான் வாரிசாவார்கள். இங்கே திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பையும் தொடர்ந்து எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம், தடுப்புக்கு இந்தப் பக்கம் மதகில் உட்கார்ந்து தோழரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமலிருந்தார். “அந்த 1400 பேர்ல ஒருத்தன் எழுதியிருந்தா அதப் படிக்கலாம்” என்றார். எழுதவில்லையே என்றேன். “அதான்” என்றார்.

கிளம்பும்போது, சுவர் இடித்த தொகுதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை.