வால்வின் சூடும் வீணையின் குரலும்

கிள்ளான் பட்டணத்தில், ஒரு கடையின் மாடியறையில் பாட்டுப் பதிவு செய்து பிழைக்கும் இளைஞர் ஒருவர் உளர். அவருடைய மேசையின்மீது, கணிப்பொறிக்குப் பக்கத்தில், சிவந்த ஒளி வீசும் கண்ணாடிக் குழாய்கள் இரண்டு பொருத்திய பெட்டியொன்று வீற்றிருக்கிறது. பாடுவோரின் குரலை அதன் வழியே சற்று மிகையாகச் செலுத்தினால் அக்குரலுக்கு ஒரு 'வெதுவெதுப்பு' உண்டாகிறதாம். பெட்டி வாங்க வகையில்லாதார்க்கு, அதைப்போலவே நடிக்கும் கணிப்பொறிச் செயலிகளும் விற்பனையாகின்றன. ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற நமக்கு இப்பேச்சு புதிதன்று. ஆயினும் தமிழர் ஒரு குரலைக் குழைவென்றும் கனிவென்றும் கணீரென்றும் சொல்லக் கேட்டிருக்கிறோமேயன்றி, சூட்டைக் கொண்டு அளக்கக் கேட்டதில்லை. பழைய இசைத்தட்டுகளின் அழகெல்லாம் இக்குழாய்க்குள்தான் குடியிருந்தது என்று அவர் சாதிக்கிறார். அஃது எவ்வளவு தூரம் மெய் என்று பார்ப்போம்.

1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, அங்கே குழாயும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு பெரிய கூம்பு. அதன் அடியில் ஒரு சவ்வு. சவ்வோடு ஓர் ஊசி. பாடுவோரின் மூச்சே மெழுகைக் கீற வேண்டும். நம் கோயம்புத்தூர் தாயி போன்றோர் அக்காலத்தில் பாடிய தட்டுகளும் இவ்வாறு எடுக்கப்பட்டவையே. அக்கூம்பு உரத்த தொண்டைக்கு மட்டுமே செவிசாய்க்கும் எசமானன்! சுமார் 2,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணொலிகள் அதில் ஏறமாட்டா. மெல்லப் பாடுவோர்க்கும் மெல்ல மீட்டுவோர்க்கும் அங்கே இடமில்லை.

நிற்க. 1904-ல் பிளெமிங் என்பார் வெற்றிடக் குழாயில் இரண்டு உறுப்புகளை வைத்தார். 1906-ல் லீ டி பாரஸ்ட் அவற்றுக்கிடையே ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். அந்த வலையில் படும் சிறு அசைவு குழாயினுள் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைத்தது. மதகின் பலகையை ஒரு விரற்கடை அசைத்தால் வாய்க்கால் முழுதும் ஏறி இறங்குவது போன்றது அது. இதைக் கொண்டு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பொறியாளர்கள் அமைத்த மின்பதிவு முறையை 1925-ல் விக்டர், கொலம்பியா கம்பெனிகள் கைக்கொண்டன. கூம்பு போயிற்று, ஒலிவாங்கி வந்தது.

இதனால் நமக்கு விளைந்த நன்மை யாதெனில், வீணை தனம்மாள். சென்னை ஜார்ஜ் டவுன் இராமகிருஷ்ண செட்டித் தெருவில், வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவ்வம்மையார் தம் வீட்டில் வாசிப்பார். பேர்பெற்ற வித்துவான்களெல்லாம் வாய்பொத்தி அமர்ந்து கேட்பர். அவ்வளவு மெல்லிய மீட்டு அது. அடுத்த அறையிற் பேசினாலும் கெட்டுவிடும். தேவதாசிக் குலம் என்று உலகம் ஒதுக்கி வைத்த வழியிற் பிறந்தவரிடம், அந்த உலகத்துப் பெரிய மனிதர்களே வாரந்தவறாது சென்று கேட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. 1932-ல், அவர் அறுபதைத் தாண்டிய பிறகு, கொலம்பியா கம்பெனியார் அவ்வீணையைத் தட்டுகளில் எடுத்தனர். கூம்பின் முன் அவ்வீணையை வைத்திருந்தால் மெழுகில் கீறலே விழுந்திராது. 1938-ல் அவர் மறைந்தார். தட்டுக்கு மூன்று நிமிடமாக அவர் வாசிப்பு இன்றும் நம்மிடம் இருக்கிறதென்றால், அது குழாய் செய்த உபகாரம். உபகாரம் சூட்டிலன்று, மெல்லியதைப் பெருக்கிக் காட்டியதில்!

அப்படியானால் 'வெதுவெதுப்பு' வெறும் கட்டுக்கதையோ? அன்று. குழாய்க்கு அதன் அளவுக்கு மீறிய ஒலியைக் கொடுத்தால், அலையின் முகடு சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல வளைந்து அமுங்குகிறது. அவ்வாறு அமுங்கும்போது, பாடியவர் பாடாத மேலொலிகள் சில உடன் பிறக்கின்றன. முதலாவது, மூல ஒலியின் இருமடங்கு. அதாவது சட்ஜத்துக்கு மேல் ஸ்தாயிச் சட்ஜம். அடுத்தது மும்மடங்கு, அதற்கும் மேலுள்ள பஞ்சமம். தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இவையிரண்டும் உறவினரே. ஆதலால் பிழையென்று தோன்றாமல் செழுமையென்று தோன்றுகிறது. 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்து குழாயை ஓரங்கட்டிய பின், இவ்விரண்டின் பிழைகளும் வெவ்வேறு வகையின என்று ரஸ்ஸல் ஹாம் 1973-ல் எழுதிய கட்டுரை மிகுதியும் பேசப்பட்டது.

ஆனால் பிழை பிழைதான். அதை ஒழிப்பதற்கே அக்காலப் பொறியாளர் தலையை உடைத்துக்கொண்டனர். ஹெரால்ட் பிளாக் என்பார் 1927-ல் படகில் வேலைக்குப் போகையில், கையிலிருந்த செய்தித்தாளின் மீதே, குழாயின் பிழையைக் குழாயைக் கொண்டே திருத்தும் வழியை வரைந்தார். அன்று துரத்திய பேயை இன்று காசு கொடுத்து அழைக்கிறோம்! மேலும், இரண்டு குழாய்களை எதிரெதிராக இணைத்தால் அந்த மேல்ஸ்தாயிச் சட்ஜம் பெரும்பாலும் தானே அற்றுப்போகிறது. எனவே குழாயென்றாலே இனிமை என்பதும் மூடநம்பிக்கையே. பழைய தட்டின் மென்மைக்குப் பாதிக் காரணம், ஏறக்குறைய 5,000 அதிர்வுகளுக்கு மேல் அதில் எதுவும் அதிகம் இல்லாமைதான்.

இவற்றையெல்லாம் நாம் ஏன் எழுத நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். காப்பாரில் நாம் கணக்கெழுதும் தோட்டத்தில், இரப்பர் மரம் வெட்டிய காலத்துப் பாட்டுகளை அறிந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். செம்பனை வந்தபின் அப்பாட்டுகளைப் பாடுவாரில்லை. அந்த இளைஞரை நாமே அழைத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவற்றைப் பதிவு செய்தோம். பல் போன வாயின் காற்றும், நடுவில் வந்த இருமலும், கூரையில் விழுந்த தூறலும் அதில் இருந்தன. ஒரு வாரம் கழித்து அவர் கொணர்ந்த பிரதியில் குரல் பருத்து வழவழவென்றிருந்தது, இருமலைக் காணோம். கிழவியார் கேட்டுவிட்டு, "இது யாரு சாமி பாடுறது?" என்றார்.

மூலப் பதிவைத் தரும்படி கேட்டோம். இடம் அடைத்துக்கொள்கிறதென்று அழித்துவிட்டதாக இளைஞர் சொன்னார். மறுபடி பதியலாம் என்றிருந்தோம். மாசி பிறக்குமுன் மூதாட்டி காலமானார். இப்போது நம்மிடம் இருப்பது அந்த வெதுவெதுப்பான பிரதி ஒன்றே.