பாலியல் குற்றவாளிகளுக்கான சிறைச் சிகிச்சை: இங்கிலாந்தின் அனுபவம் (1991–2017)

பாலியல் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர் தண்டனை முடிந்து வெளியே வரும்போது மீண்டும் அதே குற்றத்தைச் செய்யாமலிருக்க என்ன செய்வது? இங்கிலாந்து மற்றும் வேல்சின் சிறைத்துறை இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையை விடையாகக் கொண்டது. ‘பாலியல் குற்றவாளிகள் சிகிச்சைத் திட்டம்’ என்ற பெயரில் 1991-இல் அறிவிக்கப்பட்ட அம்முயற்சி 2017-இல் கைவிடப்பட்டது.

1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் மூண்ட கலவரம் 25 நாட்கள் நீடித்தது. தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்த பாலியல் குற்றவாளிகளைச் சக கைதிகள் தேடிச் சென்று தாக்கினர். இத்தகைய கைதிகளைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் அதுவரை சிறைகளில் பரவலாக இருக்கவில்லை.

சிகிச்சையின் அடிப்படை, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளுக்காக உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை. எண்ணம் திருந்தினால் உணர்வும் நடத்தையும் திருந்தும் என்பது அதன் சாரம். “அவளுக்கும் விருப்பம் இருந்தது”, “குழந்தை தடுக்கவில்லையே” போன்ற சாக்குகளைக் குற்றத்திற்கு வழிவிடும் ‘சிந்தனைத் திரிபுகள்’ என 1980-களில் ஆய்வாளர்கள் வகைப்படுத்தினர். கனடாவில் வில்லியம் மார்ஷல் முதலியோர் இவ்வழியில் முன்பே பணியாற்றி வந்தனர்.

வகுப்பு நடந்த விதம் கவனிக்கத்தக்கது. சிறு குழுவாக வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் குற்றத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். “நடந்துவிட்டது” என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள். “நான் திட்டமிட்டேன், நான் செய்தேன்” என்று சொல்ல வேண்டும். எழுவாயை மறைத்துப் பேசுவது குற்றத்தை மறைப்பதற்குச் சமம் என்ற இந்தக் கருத்து, இலக்கணம் கற்பித்த எனக்கு உடனே புரிந்தது. மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பிறகு, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தம்மை வைத்து நடித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் பயிற்சி பெற்ற சிறை அலுவலர்களே இவற்றை நடத்தினர், உளவியலாளர்கள் மேற்பார்வையிட்டனர்.

இப்பயிற்சியின் பாரம் கைதிக்கு மட்டுமன்று. 2005 முதல் விதிக்கப்பட்ட, விடுதலைத் தேதி குறிக்கப்படாத ‘பொதுமக்கள் பாதுகாப்புத் தண்டனை’ பெற்றவர்கள் தம்மால் இனி ஆபத்தில்லை என்று பரோல் வாரியத்தை நம்பவைக்க வேண்டியிருந்தது. அதற்குச் சிறைப் பயிற்சிகளே முக்கிய வழி. பயிற்சி பயனற்றதென்றால் வாரியத்தின் கணிப்பும் ஆட்டம் காணும். அதன் விலையைக் கொடுக்கப்போவது வெளியே இருக்கும் பெண்களும் குழந்தைகளும்.

2017-இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு அந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. பயிற்சி பெற்ற 2,562 பேர், பெறாத 13,219 பேருடன் ஒப்பிடப்பட்டனர். சராசரியாக 8.2 ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றம் செய்தோர், பயிற்சி பெறாதவர்களில் 8.0 விழுக்காடு, பெற்றவர்களில் 10.0 விழுக்காடு. வேறுபாடு சிறிது. பதிவேட்டில் இல்லாத காரணிகளும் இதற்குக் காரணமாக இருக்கலாம். எனினும், குறையவேண்டிய எண் கூடியிருந்தது. குற்றக் கதைகளைக் கூடியிருந்து கேட்பதே அவற்றை இயல்பாக்கிவிட்டதோ என்ற ஐயமும் எழுந்தது.

சொல்லவைத்த கதையே தவறானதோ என்ற கேள்வி முன்னரே இருந்தது. லிவர்பூலில் முன்னாள் குற்றவாளிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு ஷாட் மருனா எழுதிய நூல் 2001-இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பாலியல் குற்றவாளிகள் அல்லர். குற்றத்தை விட்டவர்கள் தம்மை அடிப்படையில் நல்லவராகவும், கடந்த காலத்தைப் பிறருக்கு உதவும் அனுபவமாகவும் கண்டனர். விடாதவர்களோ தம் வாழ்வு முன்பே எழுதப்பட்டுவிட்டதாகப் பேசினர். 2006-இல் மருனாவும் சிறைத்துறை உளவியலாளர் ரூத் மானும் சேர்ந்து, சாக்குச் சொல்வது மனித இயல்பு, அதை நோயாகக் கொள்ள வேண்டியதில்லை என்று வாதிட்டனர். பள்ளியில் தாமதமாக வரும் மாணவனைக் கேட்டாலே இது விளங்கும்! ஆனால் பாதிக்கப்பட்டவரின் காதில் அந்தச் சாக்கு எப்படி விழும் என்பது வேறு விஷயம்.

பழைய திட்டத்திற்குப் பதிலாக வந்த ‘ஹொரைசன்’, ‘கைசன்’ பயிற்சிகள் குற்றத்தை விவரிக்கச் சொல்லவில்லை. சுயக்கட்டுப்பாடு, உறவுகள், எதிர்கால நோக்கு ஆகியவற்றில் கவனம் செலுத்தின. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர்களும் ‘ஹொரைசனில்’ சேர அனுமதிக்கப்பட்டனர். 2019-இல் தெரேசா கேனன் குழுவினர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, பாலியல் குற்றச் சிகிச்சை பெற்றவர்களில் 9.5 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 14.1 விழுக்காட்டினரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தனர். தகுதி பெற்ற உளவியலாளர் தொடர்ந்து நேரில் ஈடுபட்ட திட்டங்களே கூடுதல் பலன் தந்தன என்பதும் அதில் தெரியவந்தது.