இரும்பை மாகாளம்: பெயர் வந்த வழி
இரும்பை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். கடலோரமாக வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். இரும்பை இருப்பதோ மேடான செம்மண் பூமியில். பெயரைப் புதிதாகப் படிப்பவருக்கு அது 'இரும்பு' என்பதன் இரண்டாம் வேற்றுமையாகத்தான் தோன்றும். செம்மண்ணின் நிறத்துக்கு இரும்புச்சத்துதான் காரணம் என்பதால் அந்த ஊகம் பொருத்தமாகவும் படும். ஆனால் பெயர் குறிப்பது உலோகத்தை அன்று, மரத்தை. இலுப்பை மரங்கள் அடர்ந்திருந்த இடம் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். சொல்லின் வரலாறும் அதற்கு இடம் தருகிறது.

சங்க நூல்களில் இம்மரத்தின் பெயர் 'இருப்பை'. பந்தர் பந்தலானது போல, சாம்பர் சாம்பலானது போல, ரகரம் லகரமாகி இலுப்பை ஆயிற்று. தெலுங்கில் அது 'இப்ப'. இனி, இருப்பைக்கும் இரும்பைக்கும் இடையே உள்ளது ஓர் எழுத்து மட்டுமே. வல்லெழுத்தும் அதன் இன மெல்லெழுத்தும் இடம் மாறுவது தமிழுக்குப் பழகியதுதான்: கரும்பின் சாறு கருப்பஞ்சாறு, இரும்பால் அமைந்த பாதை இருப்புப்பாதை. அவற்றில் மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. ஊர்ப்பெயரில் மாற்றம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்திலேயே ஊர் 'இரும்பை' என்றுதான் வருகிறது.

ஓர் ஊருக்கே பெயராகும் தகுதி இந்த மரத்துக்கு உண்டு. வேனில் தொடங்கும்போது இலையுதிர்ந்த கிளை நுனிகளில் பூக்கள் கொத்தாகத் தொங்கும். இரவில் மலர்ந்து விடியலுக்குள் உதிரும். கையில் எடுத்துப் பார்த்தால் வெளிர்மஞ்சளாய், சதைப்பற்றோடு, உருண்டையாய் இருக்கும். சூலகத்தண்டு மரத்திலேயே தங்கிவிடுவதால் உதிர்ந்த பூவின் நடுவே துளை. உதிர்ந்த இந்தப் பூவைக் கரடிகள் கூட்டமாக வந்து தின்பதை அகநானூற்றுப் புலவர்கள் கண்டு பாடியிருக்கிறார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி அதன் இனிப்பிலிருந்து பிறந்தது. விதையை ஆட்டி எடுத்த எண்ணெய் கோயில் விளக்குகளில் எரிந்தது. எஞ்சிய பிண்ணாக்கு நுரைக்கும் தன்மை உடையது. அரைப்பாகத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து இலுப்பூர், காரைக்குடி அருகே இலுப்பைக்குடி, மயிலாடுதுறைப் பகுதியின் இலுப்பைப்பட்டு என்று இம்மரத்தின் பெயர் தாங்கிய ஊர்கள் பல. அவற்றில் இரும்பைதான் மரத்தின் பெயரை அடையாளம் தெரியாதபடி மாற்றி வைத்திருக்கிறது.

வடமொழியில் இலுப்பைக்கு 'மதூகம்' என்று பெயர்; தேனைக் குறிக்கும் 'மது' அதில் இருக்கிறது. இரும்பைக் கோயில் அம்மனின் பெயர்களில் ஒன்று மதுசுந்தர நாயகி. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கோயிலின் பெயர் மாகாளம். காலமும் காலனுமான சிவனைக் குறிக்கும் 'மகாகாலம்' தமிழில் அப்படி ஆயிற்று. உஜ்ஜயினி, திருவாரூர் மாவட்டத்து அம்பர், இரும்பை ஆகிய மூன்றும் மாகாளத் தலங்கள். தேவாரம் பெற்ற தொண்டை நாட்டுத் தலங்களில் இரும்பை 32ஆவது.

பக்கத்து ஊரான கடுவெளியின் பெயரும் இக்கோயிலின் கதையோடு பிணைந்தது. தவத்திலிருந்த கடுவெளிச் சித்தரை அரசன் ஒரு நடன மாதைக் கொண்டு எழுப்பினானாம். கோயிலில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்துப் பூட்டிவிட, சபை சிரித்தது. அவர் மனம் நொந்து பாடியதும் லிங்கம் மூன்றாகப் பிளந்தது, மண் வறண்டது. செப்புத் தகட்டால் பிணைத்த லிங்கமே இன்றும் பூசையில் இருக்கிறது. வேற்று நாட்டார் வந்து இந்த மண்ணைப் பசுமையாக்குவார்கள் என்று அக்கதைக்கு ஒரு பின்தொடர்ச்சியும் சொல்வார்கள். 1968 பிப்ரவரி 28 அன்று பல நாட்டார் கூடி வாழும் நகரான ஆரோவில் தொடங்கப்பட்டது இரும்பையை அடுத்த செம்மண் மேட்டில்தான். அங்கு வந்து குடியேறியவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி மரம் நட்டது.