கடைமடை வரை: டெல்டாவும் திருச்சி வானொலியும்

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. தஞ்சைத் தரணிக்கு அதுவே சொந்த நிலையமாயிற்று. சொந்தமாக வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலர்தாம். பின்னாளில் ஊர் கூடிக் கேட்டது பஞ்சாயத்து ரேடியோவில்.

1960களில் நிலையத்துக்கும் நேயர்களுக்கும் இடையிலான உறவு நெருக்கமானது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சை சேர்ந்திருந்த நேரம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் குறுவைப் பருவத்துக்கேற்ற ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகத்தை வெளியிட்டது. அதன் சாகுபடி முறையைப் பண்ணை இல்ல ஒலிபரப்பு பேச்சுத் தமிழில் எடுத்துச் சொன்னது. கேட்டவர்கள் விதைத்தார்கள், ரகத்தின் பெயரை விட்டுவிட்டு ‘ரேடியோ நெல்’ என்றார்கள். பிறகு பண்ணைப் பள்ளி வந்தது. பெயரைப் பதிந்துகொண்ட விவசாயிகள் வானொலியில் பாடம் கேட்டு, கேள்விகளுக்குத் தபாலில் விடை எழுதினார்கள். பேசியவருக்கும் கேட்டவருக்கும் இருந்த தூரம் அதனால் குறைந்தது.

செய்தியறிக்கையில் காவிரி டெல்டா காது கொடுத்தது மேட்டூர் அணை நிலவரத்துக்குத்தான். நீர்மட்டம் 120 அடியில் எவ்வளவு, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை? அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 தள்ளிப்போனால் குறுவையே கேள்விக்குறி. தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள். அதற்கப்புறம் வெண்ணாறு, முறை, மதகு என்று கணக்குப் போட்டுத்தான் கடைமடைக்காரர் நாற்றங்காலில் கைவைப்பார்.

பிறகு தொலைக்காட்சியில் 1993இல் சன் டிவியும் 2011இல் புதிய தலைமுறை செய்தி அலைவரிசையும் வந்தன. இப்போது எல்லாம் கைபேசியில். செய்தி நேரத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. நிலையமும் சும்மா இருக்கவில்லை: மத்திய அலையோடு பண்பலை சேர்ந்தது, ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் எந்த ஊரிலிருந்தும் திருச்சியைக் கேட்கலாம். ஆனால் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்களையும் கைபேசித் தொடர்பையும் சாய்த்தபோது, பேட்டரி டிரான்சிஸ்டருக்கு எந்தக் கம்பமும் தேவைப்படவில்லை.

ஆகவே கருவி மாறலாம்; கவனிக்க வேண்டியது நேயரின் தேவையை. வாட்ஸ்அப்பில் அணை நிலவரமும் வதந்தியும் ஒரே வேகத்தில் வருகின்றன. எது மெய் என்று விசாரித்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும். மாவட்டச் செய்தி இன்று போதாது. தன் வாய்க்காலில் எப்போது முறை என்பதே விவசாயியின் கேள்வி. அன்று தபாலில் வந்த கேள்வியை இன்று குரல் பதிவாக வாங்கி, மறுநாள் காலையே பதில் சொல்லும் நிலையத்துக்கு நேயர் பஞ்சம் வராது.