ஸ்பானிய எதிர்மறை ஏவலில் எழுத்துத் திரிபு

ஸ்பானிய மொழியில் ‘பெக்கா’ என்பது ‘பாவம் செய்’ எனப் பொருள்படும் ஏவல். ‘பாவம் செய்யாதே’ என்பதற்கு ‘நோ பெக்கெஸ்’ என்பர். எதிர்மறையில் ஏவல் வடிவம் வாராது. விழைவுநிலை வினைவடிவமே வரும். இவ்வழக்கின் வேர் இலத்தீனில் உள்ளது. பகுதியின் ஈற்றிலுள்ள ‘சி’ என்னும் எழுத்து ‘கியூ’, ‘யூ’ என ஈரெழுத்தாவதைக் கண்டு இதனை ஒழுங்கற்ற வினை எனக் கொள்வது பொருந்தாது.

பழைய இலத்தீனில் அவ்வெழுத்து எவ்வுயிர் முன்னும் ககரமாகவே ஒலித்தது. பின்னர் எகர இகரங்களின் முன் அது திரிந்தது. அவ்விதிப்படி ‘பெசெஸ்’ என்றே வந்திருத்தல் வேண்டும். ஏனை வடிவங்களை ஒட்டிய ஒப்புமையாக்கம் ககரத்தை நிலைநிறுத்தியது; ஒலி மாறாமையின் பொருட்டே எழுத்து மாறுகிறது. ‘சொல்’ எனும் வினையிலோ ஒலித்திரிபு அப்படியே தங்கிற்று: ‘தீசெஸ்’ (சொல்கிறாய்), ‘நோ தீகஸ்’ (சொல்லாதே). இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் அடைப்பது மாணாக்கர்க்கு வீண் சுமை.

1492-இல் நெப்ரிகா தம் இலக்கணத்தில் ஒலிப்பதற்கேற்ப எழுதும் நெறியை வற்புறுத்தினார். ஆயினும் ‘கியூ’ இருவேறு பணி ஆற்றிவந்தது. ‘குவாந்தோ’ (எப்பொழுது) போன்ற சொற்களில் அதனை அடுத்த ‘யூ’ ஒலிக்கப்பட்டது. 1713-இல் நிறுவப்பெற்ற அரச ஸ்பானியக் கழகம் 1815-இல் அச்சொற்களுக்குச் ‘சி’ எழுத்தை விதித்தது. அதன்பின் ‘கியூ’வை அடுத்த ‘யூ’ ஒலியற்ற குறியாக மட்டும் நின்றது.